பழைய மிஷினுக்கு வேகம்

சென்னை-1
9-10-1983

அன்புத் தங்கை இந்திராணிக்கு,

அண்ணன் தெய்வசிகாமணி எழுதுவது. மெஸ் சாப்பாட்டைத் தவிர எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. உன் உடம்பு எப்படி, நைனா உடம்பு எப்படி என்று தனித்தனியாக எழுது. "நாங்கள் சுகம்" என்று ஒரே வரியில் முடித்துவிடாதே.

டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சையில் நீ தவறியதை உன் இன்ஸ்டிட்யூட் தேவதாஸ் சார் கார்டு போட்டுத்தான் தெரிந்துகொண்டேன். உனக்கு எழுத மனம் வரவில்லை. பிழையே இல்லையாம், நேரத்துக்குள் பக்கம் முடியவில்லையாம். பிழையில்லாமல் தோற்பது நம் வீட்டு வழக்கம்தானே. அழாதே. பிப்ரவரியில் மறுபடி எழுது. ஏப்ரலுக்குள் ஹையர் சர்டிபிகேட்டோடு வந்தால் மீனவர் சங்கத்து ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை உனக்குத்தான், அதற்குமேல் அவர்கள் காத்திருக்க மாட்டார்கள் என்று சார் எழுதியிருக்கிறார்.

பொன்னேரி இன்ஸ்டிட்யூட்டுக்கு பஸ் வந்தால் ஒரு மணி நேரம் அடிக்கிறாய், வராவிட்டால் அதுவும் இல்லை. வேகம் எங்கிருந்து வரும்? அதனால் ஒரு வேலை செய்தேன். ஒரு வக்கீல் ஆபீசில் கழித்துக் கட்டிய தமிழ் மிஷின் ஒன்று எங்கள் ரிப்பேர் கடையில் கிடந்தது. முதலாளி அப்துல் ஹை பாயிடம் கேட்டேன். "எட்த்துனு போப்பா, எடத்த அடைக்குது" என்றார். ஐஸ் லாரி மூர்த்தியிடம் கொடுத்து அனுப்புகிறேன். என்னைவிட வயதான மிஷின், ஆனால் எலும்பு கெட்டி. நான் சொல்லச் சொல்ல நீ சரிபார்த்து வா. பிப்ரவரிக்குள் ஓட வைத்துவிடலாம்.

இதற்கு நீயே வரலாமே என்று கேட்பாய். ஏரியில் முறை வைத்து வலை போடும் ஆட்களின் பட்டியலில் நைனா என் பெயரைச் சேர்த்த அன்றைக்கு நான் மெட்ராஸ் பஸ் ஏறினேன். "இனிமே இந்த வாசப்படி மிதிக்காதே" என்று நைனா சொன்னார். அவர் அந்தச் சொல்லைத் திரும்ப எடுக்கவில்லை. நானும் எடுக்கச் சொல்லிக் கேட்கவில்லை. அதனால் மெக்கானிக் வேலை தபாலில் நடக்கட்டும்.

மிஷின் வந்ததும் ஒரு வரி போடு.
உன் அண்ணன்,
சிகாமணி

பழவேற்காடு
21-10-1983

அன்புள்ள அண்ணாவுக்கு,

இந்திராணியின் வணக்கம். என் உடம்பு சுகம். நைனா உடம்பு சுகம். தனித்தனியாக எழுதிவிட்டேன், போதுமா? உன் இருமல் நின்றதா?

மிஷின் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து வந்து சேர்ந்தது. லாரியிலிருந்து இறக்கியதும் மீன் என்று நினைத்து இரண்டு பூனைகள் வீடு வரைக்கும் கூடவே வந்தன. "இன்னாடா மூர்த்தி, எடைக்குப் போடற இரும்பா?" என்று நைனா கேட்டார். டைப் மிஷின் என்று மூர்த்தி அண்ணன் சொன்னார். யார் அனுப்பியது என்று நைனா கேட்கவே இல்லை. ஆனால் எழுந்து வந்து, ஜன்னலுக்குக் கீழே இருந்த தன் வலை மூட்டையை எடுத்து வெளியே போட்டுவிட்டு, அந்த இடத்தில் மிஷினைத் தூக்கி வைத்தார்.

அடித்துப் பார்த்தேன். மேலே போன எழுத்து கீழே வர யோசிக்கிறது. பாதி வரியில் கேரேஜ் நின்றுவிடுகிறது, முழங்கையால் தள்ள வேண்டியிருக்கிறது. வரி முடிந்தால் மணி அடிப்பதில்லை. "சவுண்டு மட்டும் ஜோரா கீது" என்று நைனா சொன்னார்.

அழாதே என்று எழுதியிருந்தாய். அதுவரைக்கும் அழவில்லை. அதைப் படித்த பிறகுதான் அழுதேன். அந்த ஆபீசில் நாற்காலி, ஜன்னல், மேசைவிசிறி எல்லாம் இருக்கிறது அண்ணா. போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இந்த வேலை எனக்கு வேண்டும்.

மிஷினுக்கு என்ன வைத்தியம் என்று சொல்.
இந்திரா

சென்னை-1
30-10-1983

இந்திராவுக்கு அண்ணனின் ஆசிகள்.

இருமல் போய்விட்டது. அதற்குப் பதில் தும்மல் வந்திருக்கிறது. உங்கள் இருவருக்கும் மழையில் சளி பிடிக்காமல் இருக்க வேண்டும்.

முதல் வைத்தியம் குளியல். ஒரு பழைய டூத் பிரஷ் எடுத்துக்கொள். பெட்ரோல் தொட்டு, எழுத்துக் கம்பிகள் கூடும் பள்ளத்தை நன்றாகத் தேய். வக்கீல் ஆபீஸ் தூசி வழக்குகளைவிடப் பழசாக இருக்கும். மூர்த்தியிடம் புது ரிப்பனும் ரப்பர் ரோலரும் கொடுத்திருக்கிறேன். பழைய ரோலர் கல்லாகிவிட்டது, கல்லில் அடித்தால் வேகம் வராது. இரண்டு பக்கமும் இருக்கும் திருகைக் கழற்றினால் ரோலர் கையோடு வந்துவிடும்.

எண்ணெய் விஷயத்தில் மட்டும் என் பேச்சைத் தட்டாதே. கேரேஜ் ஓடுகிற தண்டவாளத்தில் தையல் மிஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. எழுத்துக் கம்பிகளில் எந்த எண்ணெயும் படக்கூடாது. நம் ஊரில் எதைக் கண்டாலும் எண்ணெய் பூசுவார்கள், அதனால் சொல்கிறேன்.

செய்துவிட்டு எழுது. நைனா ஏரிக்குப் போகிறாரா? இறால் படுகிறதா?

அன்புடன்,
சிகாமணி

பழவேற்காடு
2-12-1983

அன்புள்ள அண்ணாவுக்கு,

தாமதத்துக்குக் கோபிக்காதே. மழை. இங்கே எல்லாரும் சுகம், உன் தும்மல் என்ன ஆயிற்று?

குளிப்பாட்டினேன். கறுப்பாக வழிந்த அழுக்கைப் பார்த்தால் நீ அசந்துபோவாய். ரோலரும் மாட்டிவிட்டேன். எழுத்து இப்போது முத்துப் போல விழுகிறது, மணியும் அடிக்கிறது. முதல் மணிக்கு நானும் நைனாவும் கை தட்டினோம்.

ஆனால் வேகம் வரவில்லை. காலையில் எழுந்ததும் அடித்தால் பரவாயில்லை. சாயங்காலம் அடித்தால் ரொம்ப மோசம், பாதிப் பக்கத்துக்கே திணறுகிறது. ஒரே மிஷின் காலையில் ஒரு மாதிரி, சாயங்காலம் ஒரு மாதிரி இருக்குமா? உனக்குத்தான் தெரியும்.

நைனா ஏரிக்குப் போகிறாரா என்று கேட்டிருந்தாய். வீட்டில்தான் இருக்கிறார். மழைக்காலம் அல்லவா.

அவசரமாக எழுதுகிறேன், போக வேண்டும்.
இந்திரா

சென்னை-1
8-12-1983

அன்புள்ள இந்திராவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். நீ அவசரமாக எங்கே போகிறாய் என்று எழுதவில்லை, போகட்டும்.

சாயங்காலம் மட்டும் மோசம் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் எனக்கு நோய் புரிந்துவிட்டது. சாயங்காலம் கடல்காற்று ஈரத்தோடு வீசும். பழைய ஸ்பிரிங் ஈரத்தில் சோர்ந்துபோகும். அடித்த எழுத்து சீக்கிரம் கீழே வராததால் அடுத்த எழுத்து காத்திருக்கிறது. அப்துல் ஹை பாயிடமும் கேட்டேன். "கரெக்டு, ஸ்பிரிங்க முறுக்கு" என்றார்.

மிஷினைப் பின்பக்கம் திருப்பு. கீழே ஒரு பெரிய திருகு இருக்கும். அதை வலப்பக்கமாக அரைச் சுற்று முறுக்கு. எழுத்து அம்பு மாதிரி திரும்பும். கீ கொஞ்சம் கனக்கும், விரலை ஊன்றி அடி. வலை இழுத்த குடும்பம், விரலில் பலத்துக்கா குறைச்சல்?

முறுக்கிவிட்டு எழுது.
சிகாமணி

பழவேற்காடு
20-12-1983

அண்ணாவுக்கு,

சுகம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

முறுக்கினேன். கீ திருப்பி உதைக்கிறது. காலையில் வேகம் கொஞ்சம் கூடியிருக்கிறது. சாயங்காலம் முன்னைவிட மோசம். ஊன்றித்தான் அடிக்கிறேன். இன்னும் முறுக்கட்டுமா?

இந்திரா

சென்னை-1
24-12-1983

அன்புள்ள இந்திராவுக்கு,

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் கடிதம்தான் இளைத்துப்போயிருக்கிறது. கையெழுத்து ஏன் இப்படிக் கோணிக்கொண்டு ஓடுகிறது? பஸ்ஸில் உட்கார்ந்து எழுதினாயா? அல்லது என் மேல் கோபமா?

இன்னும் கால் சுற்று முறுக்கு. பழைய மிஷினை வழிக்குக் கொண்டுவர இரக்கம் பார்க்கக் கூடாது. பிப்ரவரி வந்துகொண்டே இருக்கிறது. சங்கத்து ஆபீசில் வேறு ஒரு பெண்ணும் கேட்டிருக்கிறாளாம், சார் எழுதினார். அவளும் இதே பரீட்சைதான் எழுதுகிறாள். உன்னை பயமுறுத்தச் சொல்லவில்லை.

நைனா நலமா? போன கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு சொல் இல்லை.

சிகாமணி

பழவேற்காடு
9-1-1984

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லாரும் சுகம். உனக்கு என் மேல் வருத்தம் வேண்டாம், கோபம் ஒன்றும் இல்லை.

ஒரு அதிசயம் நடந்தது. போன வாரம் திடீரென்று மிஷின் தண்ணீரில் போகிற மாதிரி ஓடியது. கீயை ஊன்றக்கூட வேண்டியதில்லை, தொட்டால் போதும். அன்றைக்கு சாயங்காலம்கூட முழுப் பக்கம் அடித்தேன். நைனா பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இரண்டு மூன்று நாள் அப்படி ஓடியது. பிறகு ஒவ்வொரு எழுத்தாக ஒட்ட ஆரம்பித்தது. நேற்று முற்றிலும் நின்றுவிட்டது. மேலே போன கம்பி மேலேயே இருக்கிறது, கையால் பிடித்து இழுக்க வேண்டியிருக்கிறது.

மூர்த்தி அண்ணனிடம் மிஷினைக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். சீக்கிரம் பார்த்து அனுப்பு அண்ணா. எனக்கு பயமாக இருக்கிறது.

இந்திரா

சென்னை-1
14-1-1984

இந்திராணிக்கு,

பொங்கலும் அதுவுமாக இப்படி ஒரு கடிதம் எழுத வேண்டியிருக்கிறது.

மிஷினைத் திறந்ததும் கடை முழுக்க நாறியது. முதலில் ஐஸ் லாரி நாற்றம் என்று நினைத்தேன். உள்ளே பார்த்தால் ஒவ்வொரு எழுத்துக் கம்பியிலும் சுறா எண்ணெய். படகுக்குப் பூசுகிற எண்ணெய். அது இரண்டு நாள் வழுக்கும், பிறகு காய்ந்து பிசினாகும். அது நம் குப்பத்தில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். படகுக்குப் பூசுவதே அது காய்ந்து இறுகுவதற்காகத்தானே.

நீ இதைச் செய்திருக்க மாட்டாய். எண்ணெய் படக்கூடாது என்று நான் எழுதியது உனக்குத் தெரியும். அப்படியானால் அந்த வீட்டில் இருப்பது இன்னும் ஒரே ஒரு ஆள்தான். நான் போன மாதிரி நீயும் போய்விடுவாய் என்று அவருக்கு பயம். நான் அனுப்பிய மிஷின் என்று வேறு தெரியும். பரீட்சைக்கு இருக்கிற நாளையும் பார்த்துக்கொண்டு, நன்றாக ஓடிக்கொண்டிருந்ததைக் கெடுத்திருக்கிறார். என்னை வாசலுக்கு வெளியே நிறுத்தியது போதவில்லை, உன்னை உள்ளேயே நிறுத்தி வைக்கப் பார்க்கிறார். இதை அவருக்கு நீ படித்துக் காட்டினாலும் எனக்குக் கவலையில்லை.

ராத்திரியும் பகலுமாக உட்கார்ந்து கழுவி, ஸ்பிரிங்கை என் கையாலேயே நன்றாக முறுக்கி அனுப்பியிருக்கிறேன். அவர் கை படாத இடத்தில் வை.

சிகாமணி

பழவேற்காடு
2-2-1984

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதம் வந்து இத்தனை நாள் பதில் போடாமல் இருந்தேன். இன்றைக்கு எல்லாவற்றையும் எழுதப் போகிறேன். சொல்லாதே என்று நைனா கேட்டுக்கொண்டார். அந்த வாக்கை உடைக்கிறேன்.

இங்கே யாரும் சுகமில்லை. நவம்பரில் நைனா வலையிலிருந்து மீன் எடுக்கும்போது கெளுத்தி முள் வலது உள்ளங்கையில் ஏறிவிட்டது. சீழ் வைத்து, கை பூசணிக்காய் போல வீங்கி, பொன்னேரி ஆஸ்பத்திரியில் இரண்டு தடவை கீறினார்கள். அன்றிலிருந்து ஏரிக்குப் போகவில்லை. அவர் முறை வரும்போதெல்லாம் வேறு ஆள்தான் வலை போட்டார். "அவனுக்குத் தெரிஞ்சா வேலைய வுட்டுட்டு ஓடி வருவான். கை போச்சினு கூப்ட்ட மாதிரி ஆயிடும். வேணாம்" என்று என்னிடம் சொன்னார்.

அடுப்பு எரிய வேண்டுமே. நான் இறால் ஷெட்டுக்குப் போகிறேன். காலையிலிருந்து ஐஸ் தண்ணீரில் கையை விட்டு இறால் உரிக்க வேண்டும். திரும்பும்போது விரல் பத்தும் வீங்கி, நுனியெல்லாம் வெடித்து, எதைத் தொட்டாலும் தெரியாது. அந்தக் கையோடுதான் சாயங்காலம் மிஷினில் உட்கார்ந்தேன். மிஷினுக்கு ஒன்றும் இல்லை அண்ணா. நீ ஒவ்வொரு தடவை முறுக்கச் சொன்னபோதும் முறுக்கினேன். அடிக்கும்போது கீ ரத்தமானால் துடைத்துக்கொள்வேன்.

நைனா நாள் முழுக்க வீட்டில் உட்கார்ந்து நான் அடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். கீயை அழுத்தும்போது நான் பல்லைக் கடிப்பதையும் பார்த்திருக்கிறார். ஒரு நாள் நான் ஷெட்டுக்குப் போன நேரத்தில், கோழி இறகை எண்ணெயில் நனைத்து, நல்ல கையான இடது கையால் ஒவ்வொரு கம்பியாகத் தடவியிருக்கிறார். தன் படகுக்கு வாங்கி வைத்திருந்த எண்ணெய். அது காயும் என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? படகு அதற்குப் பிறகும் ஓடுகிறதே என்றார்.

உன் கடிதத்தைப் படிக்கச் சொன்னார். பாதியை விட்டுவிட்டுப் படித்தேன். "இம்மாம் பெரிய கடுதாசிய இத்துனூண்டா படிக்கிறியே" என்றார். முழுதும் படித்தேன். "கெடுத்தது நான்தான, அவன் திட்டட்டும்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். அன்றைக்குச் சாப்பிடவில்லை.

உன் மேல் எனக்கு ரொம்பக் கோபம். பரீட்சை 25-ம் தேதி.

இந்திரா

சென்னை-1
6-2-1984

என் கண்ணு இந்திராவுக்கு,

உன் கடிதத்தைக் கடையில் நின்றே படித்தேன். கையில் ஸ்குரூ டிரைவர் இருந்தது. அதைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை பழவேற்காட்டுக்கு வந்தேன். உனக்குத் தெரியாது. மீன் மார்க்கெட் வரைக்கும் வந்தேன். கரையில் கவிழ்த்து வைத்த படகுக்குப் பக்கத்தில் நைனா உட்கார்ந்திருந்தார். கையில் கட்டு. வலைக்கயிற்றைப் பல்லால் பிடித்துக்கொண்டு இடது கையால் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். என்னைத்தான் பார்த்தாரா, பஸ்ஸைப் பார்த்தாரா, தெரியவில்லை. அப்படி ஒரு கடிதம் எழுதிவிட்டு எந்த முகத்தோடு அவர் முன்னால் போய் நிற்பது? அதே பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

அந்தத் திருகை இன்றைக்கே இடப்பக்கம் திருப்பு. நான் முறுக்கச் சொன்னது அத்தனையும் எடு, அதற்கு மேலும் அரைச் சுற்று தளர்த்து. தொட்டால் விழ வேண்டும். எழுத்து மெதுவாகத் திரும்பினால் திரும்பட்டும், உன் விரல் வலிக்காமல் இருந்தால் வேகம் தானாக வரும். ஷெட்டுக்குப் போகாதே. மூர்த்தியிடம் வீட்டுச் செலவுக்குக் கொடுத்திருக்கிறேன், மாதாமாதம் வரும். இரவில் விரலுக்கு வெதுவெதுப்பாக ஒத்தடம் கொடு.

நைனாவிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் வா என்று ஒரு சொல் சொன்னால் வருகிறேன். சொல்லாவிட்டாலும் அவர் மேல் எனக்கு இப்போது ஒன்றும் இல்லை.

சிகாமணி

பழவேற்காடு
19-4-1984

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ மூன்று கடிதம் போட்டும் நான் கார்டுதான் போட்டேன். நைனா வாயைத் திறக்கட்டும் என்று காத்திருந்தேன். இன்றைக்குக் காலையில் தானே வந்து மிஷினுக்கு எதிரில் உட்கார்ந்து, "நான் சொல்றேன், நீ அடி" என்றார். பரீட்சையில் அடிக்கிற மாதிரி, அவர் வாயிலிருந்து வந்தது ஒன்றையும் விடாமல் அடித்திருக்கிறேன். இனி அவர் பேச்சு.

ஆரமிச்சிட்டியா? சரி. டேய் சிகாமணி, எல்லப்பன் சொல்றேன். நல்லா கீறியா? நாங்க இங்க நல்லா கீறோம். கை ஆறிடிச்சி. சுண்டு வெரலு மட்டும் மடங்கல. அது இன்னாத்துக்கு, வலை இழுக்க மத்தது கீதே.

இந்திரா பாசாயிட்டா. வாத்தியாரு பஸ்ஸப் புடிச்சி வந்து சொல்லிட்டுப் போனாரு. ரெண்டாந்தேதி சங்கத்து ஆபீசுல சேரணுமாம். அந்த இன்னொரு பொண்ணும் பாசுதானாம், ஆனா இவளுக்குதான் மார்க்கு ஜாஸ்தியாம். குப்பத்துல எல்லாருக்கும் சொல்லிட்டேன். ரெண்டு தபா சொல்லிட்டேன்.

பரீட்ச அன்னிக்கு மிஷின நான்தான் தோள்ல தூக்கினு போனேன். கண்டக்டரு அதுக்கும் டிக்கெட்டு வாங்குன்னான். உள்ள என்ன வுடல. வெளிய மரத்தாண்ட குந்திக்கினேன். அத்தினி மிஷினும் ஒண்ணா அடிக்க சொல்லோ ஓட்டு மேல மழ பேயற மாதிரி கீது. அதுல நம்மளுது எதுனு எனக்குத் தெரிஞ்சிது. மூணு மாசமா அத்தத்தான கேட்டுக்கினு குந்தினு இருந்தேன். மத்தது நடுவுல நின்னு நின்னு போவுது. நம்மளுது நிக்கவே இல்லடா.

எண்ணெய் வுட்டது தப்புதான். நீ திட்டினதும் தப்புதான். அது அதோட போச்சி.

நீ மார்க்கெட்டாண்ட வந்து நின்னியே, நான் பாத்தேன். மொதல்ல வேற யாரோன்னு நெனச்சேன். ரொம்ப எளச்சிப் பூட்டே. கூப்டலாம்னு வாயத் தொறந்தேன். நான் சொன்ன சொல்லு குறுக்க நிக்குது, கூப்ட்டு நீ திரும்பலனா இன்னா பண்றதுனு இன்னொண்ணு. அதுக்குள்ள நீ ஏறிட்டே. பஸ்ஸு பின்னாடியே பாலம் வரிக்கும் ஓடியாந்தேன். கைய வேற தூக்க முடில. நீ முன்னாடி சீட்டுல குந்தினு திரும்பவே இல்ல. அன்னியிலேர்ந்து தெனம் அந்த பஸ்ஸு வர்ற நேரத்துக்கு அங்க போய் நிக்கறேன்.

இந்திரா, இத்த அடிக்காதே. பாத்தேன்னு சொன்னேன் பாரு, அதோட நிறுத்திக்கோ.

அடிச்சிட்டியா?

அத்தயுமா? நான் வாய மூடறதுக்குள்ளயா?

சரி, இருக்கட்டும். தபால்ல போடு.